இழுப்பறையில் கிடந்த கார்டு

நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டு முன்னறைதான் ஊருக்குத் தபால் ஆபீஸ். பள்ளி விட்டு வந்ததும் பையைப் பிரித்து, கடிதங்களுக்கு முத்திரை குத்திக் கொடுப்பேன். அதற்குத் தனியாக மாதம் ஒரு சின்னத் தொகை கிடைக்கும்.

அந்த ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை மாலை, பையில் என் மகளுக்கு ஒரு கார்டு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். அரசாங்கக் கல்லூரியில் புகுமுக வகுப்புக்கு மனுப் போட்டிருந்தோம். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடும் பணத்தோடும் நேரில் வரவேண்டும் என்று அச்சடித்திருந்தது. வழக்கம்போல் முத்திரை குத்தினேன். பிறகு ஏனோ, அதை இழுப்பறையில் தபால்தலைகளுக்கு அடியில் வைத்தேன். கணக்கை முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்தக் கணக்கு முடியவே இல்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கும் அவள் மனுப் போட்டிருந்தாள். அங்கே இரண்டு வருஷம், உபகாரச் சம்பளம் உண்டு, முடித்ததும் வேலை. கல்லூரி என்றால் நாலு வருஷம். அரசாங்கக் கல்லூரி என்பதால் கட்டவேண்டிய சம்பளம் குறைவுதான். ஆனால் விடுதி, புத்தகம், துணிமணி, பஸ் சார்ஜ் எல்லாம் குறைவா? விடுதிக்கு மாதாமாதம் கட்ட என்னிடம் இருந்த ஒரே வழி இந்தத் தபால் வேலைப் பணம். நாலு வருஷம் கழித்து அவள் எவ்வளவு சம்பாதிப்பாள், சம்பாதிக்க விடுவார்களா, அது எந்த வீட்டுக்குப் போகும் என்று எதுவும் பிடிபடவில்லை. ஒரு நாள் கல்லூரிப் பக்கம் கணக்குச் சாயும். மறுநாள் அதே எண்கள் பயிற்சிப் பள்ளிப் பக்கம் சாயும்.

கமுதியில் மிளகாய் வியாபாரம் செய்யும் என் சகலை வந்திருந்தார். கார்டு வந்ததைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். "படிக்க வைக்கிறது பெருசில்ல அண்ணே. பி.ஏ. படிச்ச பொண்ணுக்கு எம்.ஏ. மாப்பிள்ளைக்கு எங்கன போவீக?" என்றார். அந்தச் செலவை நான் எழுதவே இல்லையே என்று தாளைத் திருப்பி அதையும் எழுதினேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுக்கிற ஆளு" என்று மட்டும் சொல்லிப் போனாள்.

மகள் தினமும் பை பிரிக்கும்போது வந்து நிற்பாள். நான் தலையை அசைப்பேன். அந்த வாரம் முழுக்க அசைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமையும் வந்து, பத்து மணியும் கடந்தது. இனிக் குழப்பம் இல்லை என்று மனம் லேசாகும் என எதிர்பார்த்தேன். ஆகவில்லை. அன்று மாலை மீனவக் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா வழக்கம்போல் வந்தார். கொழும்புக்குப் போன மகனிடமிருந்து மாதக்கணக்கில் கடிதம் இல்லை. "இல்லம்மா" என்றேன். அவருடன் வந்த பெண், "இன்னொருக்கா நல்லாப் பாக்கச் சொல்லு மதினி" என்றாள். அதற்கு அந்த அம்மா, "போடி, வந்த கடுதாசிய உள்ள வச்சுக்கிட்டா வாத்தியாரய்யா இல்லேம்பாக?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

என் முழங்கை அந்த இழுப்பறையின் மேல் இருந்தது. அவர்கள் தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கார்டை எடுத்துக்கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். திருப்பி முத்திரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சான்றிதழ்களை எடுத்து ஒரு பையில் வைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் பள்ளியையும் தபாலையும் உதவி ஆசிரியரிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பாதி வழியில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நம்ம வீட்டுலதான அய்யா தபாலாபீசு இருக்கு" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கல்லூரியில் தலைமை எழுத்தர் கார்டை வாங்கிப் பார்த்தார். "நேத்துல்ல வந்திருக்கணும்" என்றார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, "கிராமத்துத் தபால்னா இப்படித்தான். லேட்டா வந்துச்சுன்னு ஒங்க ஊர் போஸ்ட்மாஸ்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. மீதி சீட்ட மூணு மணிக்கு முடிவு பண்றாங்க" என்றார்.

மணி ஒன்றரை. மகள் என்னைப் பார்த்தாள். பை தாமதமாக வந்தது என்று எழுதலாம். எழுதினால், வெயிலில் அந்தப் பையைச் சுமந்து வரும் கிழவர் மேல் பழி விழும். உண்மையை எழுதினால் என் தபால் வேலை போகும். அது போனால் விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை. அங்கே நின்றும் கணக்குதான் போட்டேன்.

ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினேன். இன்ன தேதியில் கார்டு வந்தது, கிளை போஸ்ட்மாஸ்டராகிய நான் எட்டு நாள் கொடுக்காமல் வைத்திருந்தேன், பெண் மீது தவறு இல்லை.

எழுத்தர் இரண்டு முறை படித்தார். "இந்த போஸ்ட்மாஸ்டர்?"

"நான்தான்."

"பொண்ணு?"

"என் பொண்ணு."

"ஏன் சார்?"

"கட்டுப்படியாகுமான்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "முடிஞ்சுதா?"

"இல்ல."

"இது ஃபைல்லயே இருக்கும். தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் போனார். நாலு மணிக்கு மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இப்போது அவள் பி.ஏ. இரண்டாம் வருஷம். அவளோடு படித்த பெண் பயிற்சி முடித்து, பக்கத்து ஊரில் சம்பளம் வாங்குகிறாள். அந்தப் பெண் குடை பிடித்துப் பள்ளிக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் பழைய கணக்கு மறுபடி தொடங்கிவிடுகிறது. சரி செய்தேனா, தப்புச் செய்தேனா என்று இன்றும் தெரியவில்லை. மேலதிகாரியிடமிருந்து விசாரணைக் கடிதமும் இதுவரை வரவில்லை. வந்தால் நான்தான் முத்திரை குத்தி எனக்கே கொடுத்துக்கொள்ள வேண்டும். பையைப் பிரித்ததும் முதலில் அந்தக் கடிதம் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். விடுதியிலிருந்து மகள் எழுதும் கார்டு தட்டுப்பட்டால் மட்டும், முத்திரை குத்திய கையோடு எழுந்துபோய் அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்த பிறகே அடுத்த கடிதத்தைத் தொடுகிறேன்.