தொட்டிக்கு ஊற்றிய உறை

செண்பகத்தோப்பு மலையில் இருளம்மாளுக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதை கிடையாது. சமைந்த வருசத்திலிருந்து அங்கே விறகு பொறுக்கி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் தலைச்சுமையாய் விற்றவள். சின்ன வயதில் அடிவாரத்திலேயே ஒரு கட்டு சேர்ந்துவிடும். கல்யாணமான பிறகு ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. மகன் வளர்ந்து பட்டாளத்துக்குப் போன காலத்திலோ, விடியுமுன் ஏறினால்தான் உச்சிப்பொழுதுக்குள் இறங்கலாம் என்றாகிவிட்டது. மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. இவர்கள்தான் அதைத் தின்றுகொண்டே மேலே ஏறினார்கள். ஓடையில் தண்ணீர் ஓடுகிற மாதங்களும் குறைந்துகொண்டே வந்தன. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்து என்ன செய்ய, உலை கொதிக்க வேண்டாமா?

மலையைச் சரணாலயமாக்கி, காவலர்கள் விறகுக்கட்டைப் பிடுங்க ஆரம்பித்த சமயத்தில்தான் மகனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் அழகுத்தாய் ராஜபாளையத்துக்காரி. அவள் அப்பா வேலுசாமி நூல் மில்லில் வேலை பார்ப்பவர். அந்தப் பெண்ணுக்குப் புகை பட்டால் போதும், இளைப்பு வந்து மூச்சு நின்றுவிடும் போலாகும்.

"நகைநட்டுப் பேச்செல்லாம் பொறவு மதினி. விறகடுப்பு எரியுத வீட்டுக்கு எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார் வேலுசாமி.

"அடுப்பைப் பாத்துப் பொண்ணு குடுக்குத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் இருளம்மாள். சொன்னாளே தவிர, அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போனது. அவள் கண்ணில் இத்தனை வருசமாய் நீர் வழிந்ததே, ஏன் என்று கேட்க அவளுக்கு ஒரு அப்பன் இருந்தானா?

அரசாங்க மானியத்தில் சாணி காஸ் தொட்டி கட்டினார்கள். நாலு மாட்டுச் சாணியைக் கரைத்து ஊற்றினால், தொட்டி மேல் கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் காஸ் நிறைய நிறைய மெல்ல எழும்பும். முதல் நாள் அடுப்பு நீலமாய் எரிந்ததைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பழைய மண்ணடுப்பை உடைத்துக் குப்பைக்குழியில் போட்டாள். "மலை பொழச்சுக் கெடக்கட்டும்" என்றாள்.

அதே மாதிரித் தொட்டி நாலு வீடு தள்ளி ஆயிஷா பீவி வீட்டிலும் இருந்தது. பாலுக்கு உறைமோர் இல்லையென்றால் கிண்ணத்தோடு ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போகிற பழக்கம் அவர்களுக்கு. ஆயிஷாவின் மாமியாருக்கு இடுப்பு முறிந்து, காட்டுப் பக்கம் ஒதுங்கப் போக முடியாமலான பிறகு, வீட்டிலேயே கக்கூசு கட்டி அதன் குழாயையும் தொட்டியில் இணைத்தார்கள். அது கூடுதல் காஸ் தரும் என்று மானியம் கொடுத்தவர்களே சொல்லியிருந்தார்கள்.

இருளம்மாள் தண்ணிக்குழாயடியில் நின்று சத்தமாய்ச் சொன்னாள்: "கக்கூசு காஸ்ல கொதிச்ச டீயா? அதுக்குப் பச்சத்தண்ணியக் குடிச்சுட்டுக் கெடப்பேன்." எல்லாரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற ஆயிஷா வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிண்ணம் போய்வருவது அன்றோடு நின்றது.

கல்யாணமாகி வந்த அழகுத்தாய் மறு வருசம் பிரசவத்துக்கு ராஜபாளையம் போனாள். பேரன் பிறந்தான். பங்குனியில் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுவதாக வேலுசாமி சொல்லியனுப்பினார். ஒரு நாள் இருளம்மாளின் வீட்டுக்காரர் கண்ணுச்சாமி ரேடியோவில் கேட்டதைச் சொன்னார்.

"ஏட்டி, உலகத்துல எரியுத புகையெல்லாம் மேல போய்ச் சேந்து பூமி சூடாவுதாம். மழை தப்புறதுக்கும் அதுதான் காரணமாம்."

"எம்பங்குப் புகைய நான் நிறுத்தியாச்சு. மத்தவுகளப் போய்க் கேக்கச் சொல்லுங்க" என்றாள், பெருமை தாங்காமல்.

பச்சைப்பிள்ளை வருகிற வீடாயிற்றே என்று சுவருக்கு வெள்ளையடித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பீனாயில் வாங்கிவந்து மாட்டுக்கொட்டகை முழுக்க ஊற்றிக் கழுவினாள். கழுவிய தண்ணீர் சாணியோடு சேர்ந்து தொட்டிக்குள் போனது. மறுநாளிலிருந்து அடுப்புச் சுடர் சிறுத்தது. ஒரு வாரத்தில் டிரம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

தொட்டி கட்டிய மொக்கைச்சாமி வந்து மோந்து பார்த்தார். "ஆச்சி, பீனாயில் ஊத்துனியளா?"

"தாராளமாத்தான் ஊத்துனேன். புள்ள வார வீடுல்லா."

"தொட்டியக் கொன்னுட்டிய. சாணிக்குள்ள இருக்க உசுருதான் காஸ் தருது, அம்புட்டும் செத்துப்போச்சு. பழசை அள்ளிப் போட்டுட்டு, புதுச் சாணியோட ஓடுத தொட்டிக் கரைசல் கொஞ்சம் ஊத்தணும். பாலுக்கு உறை ஊத்துத மாதிரி."

"அதுக்கு எங்க போக?"

மொக்கைச்சாமி நாலு வீடு தள்ளிப் பார்த்தார். இருளம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

பழசை அள்ளிக் கொட்டினார்கள். வத்திராயிருப்பில் ஒரு தொட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய், பால் கேனில் கரைசலை நிரப்பி பஸ் ஏறினாள். முதல் வளைவிலேயே மூடி அசைந்து, பஸ் முழுக்க நாறியது. "ஆச்சி, இது எந்த மாட்டுப் பாலு?" என்று கேட்டு விசில் ஊதினார் கண்டக்டர். பாதி வழியில் இறக்கிவிட, மீதியைத் தலையில் சுமந்து வந்து ஊற்றினாள். அத்தனை பெரிய தொட்டிக்கு அது எந்த மூலைக்கு? டிரம் அசையவே இல்லை.

"விறகு வாங்கிப் போட்டு ஒப்பேத்துவோம். வேலுசாமிக்கு என்ன தெரியப்போவுது?" என்றார் கண்ணுச்சாமி.

"அவருக்குத் தெரியாது. இளைக்குத அந்தப் புள்ள நெஞ்சுக்குத் தெரியும்லா."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். மோர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், தெரு பார்க்க நடந்தாள்.

ஆயிஷா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். "என்னக்கா, மோரா?"

"மோர் இல்லட்டி. தொட்டிக்கு."

"தொட்டிக்கு இந்தக் கிண்ணமா?" ஆயிஷாவின் சுளகு நின்றது. "எங்க தொட்டியில என்னென்ன கெடக்குன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"இனி உங்க வீட்டுலயும் அந்தக் காஸ்தான் எரியும்."

"எரியட்டும்."

"அப்ப வண்டியும் பீப்பாயும் கொண்டாங்க. வேணுங்கிறதை அள்ளிட்டுப் போங்க."

இருளம்மாள் நகரவில்லை. மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கீழே உட்கார்ந்தாள்.

"டீ போட மாட்டியாட்டி?"

"பச்சத்தண்ணி தரட்டுமா?"

"வாயைப் பாரு. டீயே போடு. சீனி கொஞ்சம் கூடப் போடு."

உள்ளே அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. டீ வந்தது. இருளம்மாள் ஊதிக்கூட ஆற்றாமல், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

பங்குனியில் வேலுசாமி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் நேரே அடுக்களைக்குப் போய் நின்றார். சுவர் வெள்ளையாய் இருந்தது. பின்னாலேயே வந்த அழகுத்தாய் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினாள். மூச்சு சீராய் வந்துபோனது. வெளியே டிரம் நன்றாக மேலெழும்பி நின்றது.

"தொட்டி நல்லா ஓடுதா மதினி?"

பிள்ளையைப் பார்க்க வந்த ஆயிஷா, டீ டம்ளரோடு கதவோரம் உட்கார்ந்து முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பாமலே இருளம்மாள் சொன்னாள்:

"ஓடாம என்ன? உறை நல்ல உறை."