மின்விசிறி போடாத அறை

சுவரொட்டிக்காரர் வாளியிலிருந்து எழுந்த மைதாப் பசை வாசனை, ஆரணியில் நாங்கள் குடியிருந்த, இப்போது விசைத்தறிக் கூடமாகிவிட்ட ஒற்றை அறைக்கு என்னைக் கொண்டுபோனது. அங்கே அம்மா கல்யாணப் பந்தல்களுக்குக் காகிதப் பூ செய்வாள். வெட்டிய இதழ்கள் பறந்துவிடும் என்று ஜன்னலைத் திறக்க மாட்டாள், மின்விசிறி போட மாட்டாள், அந்தப் புழுக்கத்தில் என்னோடு விளையாட யாரும் வந்ததில்லை.

ஒரு கோடை விடுமுறையில் எதிர்வீட்டு மஞ்சுளா வந்தாள்.

“இன்னா அத்த, இட்லிப் பானைக்குள்ள ஒக்காந்துகினு கீறீங்க?” என்றபடியே விசிறி சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

ரோஸ் இதழ்கள் அறை முழுக்கச் சுழன்றன. அம்மா திட்டவில்லை.

“சிரிச்சது போதும், ஜல்தியா பொறுக்குங்கடி” என்றாள்.

பொறுக்கி முடித்தால் மஞ்சுளா போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் பார்க்காதபோதெல்லாம், பொறுக்கிய இதழ்களை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தேன்.