டியூப் லைட்டில் எடுத்த பதினோரு ஷாட்

1. எத்தனை கிலோ?

"எத்தனை கிலோ கொறைஞ்சீங்க அக்கா?" கேமராவுக்குப் பின்னால் நின்றபடி தினேஷ் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"கிலோவா? தெரியாதே தம்பி. எங்க வீட்டுல வெயிட் பாக்குற மிஷின் இல்ல," என்றார் பிலோமினா அக்கா.

தினேஷ், பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் ஓர் ஆப் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர். வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யச் சொல்லித்தரும் ஆப் அது. அதற்கு ஒரு நிமிட விளம்பர வீடியோ எடுக்கும் வேலை எனக்கு வந்திருந்தது. நான் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருபத்திரண்டு வருடமாக வீடியோ கம்பெனி நடத்துகிறேன். கம்பெனி என்றால் நானும் இரண்டு கேமராவும்தான். இந்த வீடியோ பிடித்துப்போனால் அந்த வருடம் முழுக்க அவர்கள் வேலை எல்லாம் எனக்கே என்று பேச்சு.

பிலோமினா அக்கா நடிகை இல்லை. ஆப்பை உண்மையிலேயே பயன்படுத்துகிறவர் என்று கம்பெனியே தேடிப் பிடித்த ஆள். புக்கிட் தெங்காவில் ஒரு ஃபேக்டரியில் ஆப்பரேட்டர். ஐம்பத்து நான்கு வயது. நாள் முழுக்க நின்றே பார்க்கும் வேலையில் முழங்கால் கெட்டுப்போனது. மகள் போனில் போட்டுக்கொடுத்த ஆப்பைப் பார்த்து எட்டு மாதமாக, நாங்கள் படமெடுக்க வந்திருந்த இதே பிளாட்டின் ஹாலில் பயிற்சி செய்திருக்கிறார். ஆப் குதிக்கச் சொல்லும் இடத்தில் இவர் குதிப்பதில்லை. குதித்தால் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் சீலிங்கை இடிப்பாராம்.

"பலன்னா ஒண்ணுதான் தம்பி," என்றார். "முன்ன சர்ச்சுல பூசையப்ப எல்லாரும் முட்டி போடுறப்ப நான் மட்டும் பெஞ்சுல உக்காந்திருப்பேன். இப்ப நானும் போடுறேன். கைய ஊனாம எந்திரிக்கிறேன்."

சொன்னதோடு நிற்காமல் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, எழுந்தும் காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே டேக். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபோகஸ் தப்பவில்லை, அது வேறு விஷயம்.

"நல்லாருக்குலா. ஆனா கிலோ இல்லையே," என்று முகத்தைச் சுளித்தார் தினேஷ். பிறகு என்னிடம், "அக்கா, வேலைக்குப் போற யூனிஃபார்ம்ல கொஞ்சம் எடுத்துக்கலாம். நம்ம லைட்டு எல்லாம் வேணாம், டியூப் லைட்டே போதும். நேச்சுரலா இருக்கட்டும்," என்றார்.

இடையில் செருகிக்கொள்ள அன்றாடக் காட்சிகள் கேட்கிறார் என்று நினைத்தேன். ஷிஃப்ட் முடிந்த களைப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பது, காப்பியில் ரொட்டி தொட்டுத் தின்பது, கணுக்காலைப் பிடித்துவிடுவது. பதினோரு ஷாட். "சிரிக்காதீங்க அக்கா," என்று தினேஷ் இரண்டு முறை சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2. 'பிஃபோர்' எடுக்கும் வித்தை

மூன்று நாள் கழித்து, எப்படி எடிட் செய்ய வேண்டும் என்று ஒரு பேப்பர் அனுப்பினார்கள். திரையின் இடது பக்கம் டியூப் லைட்டில் பிலோமினா அக்கா. அதற்குக் கீழே 'பிஃபோர்'. வலது பக்கம், கடல் தெரியும் சொகுசுக் கொண்டோ பிளாட்டில் ஒல்லியான மாடல் பெண். அதற்குக் கீழே 'ஆஃப்டர்'. முழங்காலிட்ட ஷாட் எங்கேயும் இல்லை.

இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. முன்பு ஸ்லிம்மிங் சென்டர்களுக்கு நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே காலையில் எடுப்போம். முதலில் ஆஃப்டர்: மேக்கப், பக்கவாட்டு லைட், சிரிப்பு. பிறகு மேக்கப்பைத் துடைத்து, வயிற்றைத் தள்ளச் சொல்லி, உச்சந்தலைக்கு மேல் ஒரே வெளிச்சம், ஆளை அகலமாகக் காட்டும் வைடு லென்ஸைப் போட்டுக் கிட்டே போனால் பிஃபோர் தயார். அப்படி நான் எடுத்த ஒரு பெண்ணின் படத்தைப் பேனர் அடித்துத் தொங்கவிட்டார்கள். அந்தத் தெரு வழியாகப் போவதையே அவர் விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

விட்டு என்ன? பிலோமினா அக்காவை அதே வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தது யார்? இத்தனை வருட சர்வீஸில் நான் எடுப்பது என்னவென்று எனக்கே தெரியவில்லை. தினேஷ் மேல் வந்ததைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

தினேஷுக்கு போன் போட்டு, பிலோமினா அக்காவை இப்படிப் போட முடியாது என்றேன்.

"அக்கா, அவங்கதான் ஃபார்ம்ல சைன் பண்ணிட்டாங்களே!"

"எதுக்குன்னு சொல்லி வாங்குனீங்க?"

"ஆப் யூஸ் பண்ணுன அனுபவம்னு..."

"அப்ப பக்கத்துல நிக்கிற பொண்ணு யாரு? பிலோமினாவா?"

"அய்யோ அக்கா, யாருக்குத் தெரியப் போவுது?"

"ஃபேக்டரியில அவங்ககூட லைன்ல நிக்கிற அத்தன பேருக்கும் தெரியும்லா!"

அவர் குரல் மாறியது. "ஓகே அக்கா. எடுத்ததெல்லாம் அப்படியே நாளைக்கு அனுப்பிருங்க. நாங்க வேற ஆள வச்சு எடிட் பண்ணிக்கிறோம்."

3. அழி

படத்தில் இருப்பவருக்குக் கிளையண்டின் பேப்பரைக் காட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதை மீறி, அன்று மதியமே லேப்டாப், மெமரி கார்டு, டிரைவ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனேன். பதினோரு ஷாட்டையும் போட்டுக் காட்டினேன். பேப்பரையும் காட்டினேன்.

பேப்பரை வாங்கி அதன் இடது பக்கத்தை விரலால் தொட்டார். பிறகு, "நான் இவ்ளோ கேவலமாவா இருக்கேன் சாந்தி?" என்றார்.

"இல்லக்கா. கேவலமா தெரியிற மாதிரி நான் எடுத்திருக்கேன்."

"அப்ப அழி," என்றார். "முட்டி போடுறத மட்டும் என் போன்ல போட்டுக் குடு."

மெமரி கார்டிலும் இரண்டு டிரைவிலும் இருந்த அந்தப் பதினோரு ஷாட்டையும் அவர் கண்ணெதிரே அழித்தேன்.

மறுநாள் பத்து காவானுக்கு நானே நேரில் போனேன். செய்ததைச் சொன்னேன். தினேஷ் எழுந்தே விட்டார்.

"என்னக்கா வெளையாடுறீங்களா? கான்ட்ராக்ட் படி அது எங்க கம்பெனி சொத்து!"

"ஆமா தம்பி. கேஸ் போடுங்க. போடுறப்ப அந்த பிஃபோர் ஆஃப்டர் பேப்பரையும் சேத்துக் குடுங்க. மறந்துட்டா நான் குடுக்குறேன்."

கேஸ் போடவில்லை. வேலை போனது. அந்த வருடம் பத்து காவான் பக்கமிருந்து எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. அவர்கள் வீடியோ பிறகு வேறு ஆள் கையால் வெளிவந்தது. பார்த்தேன். பாவம், அந்த ஒல்லி மாடலையே வயிற்றைத் தள்ளச் சொல்லி, பிஃபோராகவும் அவரையே காட்டியிருந்தார்கள்.

புதிதாகக் கேமரா பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது உங்கள் கை. கிளையண்ட் சொன்னார் என்று பிறகு கையைக் கழுவ முடியாது. ஓர் ஆளை அழகில்லாமல் எடுக்கச் சொன்னால், எதற்கு என்று அங்கேயே கேளுங்கள். கேட்டால் வேலை போகலாம், எனக்குப் போனது. போகட்டும்.

அந்தப் பதினோரு ஷாட்டை அழித்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். எடுத்ததற்காக மட்டும் பிலோமினா அக்காவிடம் கேட்டேன்.