கை படாத பவளம்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற மின்விசிறியை நிறுத்தி, எப்படி ஓடுகிறது என்று கழற்றிப் பார்க்கிற ஆள். வீட்டுச் சுவர்க் கடிகாரம் மூன்று முறை பிரேதப் பரிசோதனை கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவர் மனைவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற கடல்நீர்த் தொட்டி விஷயத்தில்தான் அவள் பொறுமை போயிற்று. அதில் வளர்க்க வாங்கி வைத்த உயிர்ப் பவளங்கள் மூன்றும் வரிசையாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

“இன்னும் ஒண்ணு வாங்கிக்குங்க. அதுவும் செத்துச்சுன்னா தொட்டி வெளியே போகுது,” என்றாள் கறாராக.

அவளுக்கு ஷிப்ட் வேலை. அவர் வீடு திரும்பும் நேரத்தில் அவள் கிளம்பிவிடுவாள். ஆளில்லாத வீட்டில் அவருக்குத் துணை அந்தத் தொட்டிதான். வண்ணமீன் கடைக்கு ஓடினார்.

“சாகவே சாகாத ஒண்ணைக் குடுங்க.”

கடைக்காரர் தோல் பவளம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கல் போல இறுகாத, மெத்தென்ற பவளம். பார்க்கக் காளான், குடையின் மேலெல்லாம் பொடிப்பொடியாய்ப் பூப்போன்ற கைகள்.

“புதுசா வளர்க்கறவங்களுக்கு இதான் சரி. மிதமான வெளிச்சம், கொஞ்சம் நீரோட்டம், போதும். கையை மட்டும் உள்ளே விட்டுடாதீங்க.”

பத்து நாள் ஜோராக இருந்தது. பதினோராம் நாள் பூவெல்லாம் உள்ளே போய், குடை சுருங்கி, மேலே பாலாடை போல ஏதோ படிந்தது. மெக்கானிக்குக்குக் கை பரபரத்தது. இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார், விளக்கை ஏற்றி இறக்கினார். தொடத்தொட அது இன்னும் சுருங்கியது. மறுபடி கடைக்கு ஓட்டம்.

“தோல் உரிக்குதுங்க. அப்பப்ப இப்படிச் செய்யும். ரெண்டு வாரம்கூட ஆகும்.”

“நான் என்ன செய்யட்டும்?”

“ஒண்ணும் செய்யாதீங்க.”

இதைவிடக் கஷ்டமான வேலையை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் அப்படியே சொன்னார்.

“மூணும் எப்படிப் போச்சுன்னு இப்பத்தான் தெரியுது,” என்றாள் அவள். “எங்க வார்டுக்கும் வருவாங்க இந்த மாதிரி ஆளுங்க. தூங்கற நோயாளியை எழுப்பி, நல்லாத் தூங்கினியான்னு கேப்பாங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து, மாலை தோறும் தொட்டி முன்னால் அவர் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தாள். அவர் கை அசைந்தால் போதும், “ம்ம்!” என்று ஓர் அதட்டல். இடையிடையே ஆஸ்பத்திரிக் கதைகள் சொன்னாள். அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். இவ்வளவு பேசுகிறவளா இவள் என்று அவருக்கே ஆச்சரியம்.

காவலின் ஒன்பதாம் நாள் மாலை, மேலே படிந்திருந்த ஆடை கிழிந்து நீரோட்டத்தில் போயிற்று. அடியில் புதுக் குடை, ஒவ்வொரு பூவாக எட்டிப்பார்த்தது.

“பொழைச்சுக்கிச்சுங்க!” என்று கத்தினாள் மனைவி. கத்தும்போதே, பழக்க தோஷத்தில் தொட்டியை நோக்கி எழுந்த அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை.

பவளம் லேசாகச் சாய்ந்துதான் நின்றது. அவளே நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருந்தாலும் மெக்கானிக் அன்று எழுந்திருக்க மாட்டார்.