எரிச்சலும் குளிர்ச்சியும்

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்து ஓட்டலில் ஒயின் பரிமாறுகிறவர் அவர். கறுப்புக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் கல்யாண நாளுக்காகப் போயிருந்தோம். மட்டன் சுக்காவுக்குச் சிவப்பு ஒயின்தான் பொருத்தம் என்று என் கணவர் எங்கோ கேட்டு வைத்திருந்தார். அதையே கொண்டுவரச் சொன்னார்.

ஒயின் பரிமாறுகிறவர் நேரே சமையலறை வாசலுக்குப் போனார். எங்கள் சுக்காவின் மசாலாவில் ஒரு துளியை நாக்கில் வைத்து, கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒவ்வொரு மேசைக்கும் அப்படித்தான் செய்தார்.

"சிவப்பு வேண்டாங்க சார். அதோட துவர்ப்பு காரத்தை இன்னும் கிளப்பி விட்டுரும்" என்று, லேசாக இனிக்கும் வெள்ளை ஒயினைச் சில்லென்று ஊற்றினார்.

ஒரு வாய் சுக்கா, ஒரு மடக்கு ஒயின். எரிந்த நாக்கு அடங்கியது. மிளகும் பூண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"எப்படிங்க இவ்வளவு சரியாச் சொல்றீங்க?"

"கொரோனா வந்ததுல வாசனை, ருசி எல்லாம் போயிருச்சும்மா. திரும்பவே இல்ல. எரியிறதும் குளுர்றதும் மட்டுந்தான் மிச்சம் கெடக்கு. எரியிறத எந்த பாட்டில் அணைக்குதுன்னு ஒவ்வொண்ணா வச்சுப் பாத்துக்கிட்டேன்."

என் கணவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். பரிமாறுகிறவர் என் பக்கம் சற்றுக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"மலைப்பூண்டு போட்டிருக்காங்க. வாசம் வருதுங்களாம்மா?"

"நல்லா வருதுங்க."

"எப்படி இருக்கு?"

வீட்டில் பூண்டு உரிக்கும்போதெல்லாம் முகர்ந்து பார்க்கிறேன். அவருக்குச் சொல்ல இன்னும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.