மாலை போட்டவரிடம் கேட்காத கேள்வி

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ஆண்கள் வார்டுக்கு வெறுங்கால்கள் வர ஆரம்பிக்கும். மலைக்கு மாலை போட்டவர்கள் செருப்பில்லாமல் நடந்து எதையாவது மிதித்துவிட்டு, மஞ்சளை அப்பிப் பார்த்து, கால் வீங்கின பிறகு இராஜபாளையத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஊரே அவர்களைச் 'சாமி' என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். "சாமி, கைய நீட்டுங்க" என்று சொல்லித்தான் ஊசி போடுவேன். இருபத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு அதில் ஒரு சௌகரியமும் உண்டு, பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு வருடம் அப்படி வந்தவர் செட்டியார்பட்டிப் பக்கம். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. நாற்பது வயதிருக்கும். மாலை போட்ட அன்றைக்கே கண்ணாடிச் சில்லை மிதித்து, மறுநாள் பாதம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. கூடவே அவருடைய அண்ணனும் மனைவியும் வந்திருந்தார்கள். அண்ணன்தான் குருசாமி. தம்பிக்கு மாலை போட்டுவிட்டதும் அவர்தான்.

வார்டில் சேர்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, குடிப்பழக்கம் உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மாலை போட்டவரப் பாத்துக் கேக்குத கேள்வியா சிஸ்டர் இது?"

நான் கேஸ் ஷீட்டில் 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போடும்போது தம்பியின் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். காய்ச்சல் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த முட்டிவலி, கூட இருக்க வேண்டிய நர்ஸ் லீவு, முப்பது கட்டில். எதையும் நினைக்க எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் மத்தியானம் மருந்து ஸ்டோருக்குப் போய்விட்டுத் திரும்பினால் அவருடைய கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். அவர் எழுந்து உட்கார்ந்து உடம்பெல்லாம் ஆடிக்கொண்டிருந்தார். வேர்வையில் கருப்பு வேட்டி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மனைவி கையில் கற்பூரம். யாரோ நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள்.

"சாமி வந்திருக்கு" என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்று நாள்கூட ஆகாத பெரியவர், தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, "சாமி, எம்மவளுக்கு எப்ப வரன் அமையும்?" என்று கேட்டார்.

"வருது... வருது... செவுரு பூரா வருது" என்றார் இவர், கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல்.

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் மாலை போட்டவரின் விரல்கள் போர்வையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலருகே போனேன். சுவரில் அவருக்கு எறும்பு தெரிகிறது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எண்ணவே முடியாத ஓட்டம். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் குடியைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இப்படி ஆடும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடலாம். இது தெரிந்த நான்தான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். அதற்குள் அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"வண்டி வரச் சொல்லியாச்சு. கோயில்ல வச்சு சாமிய மலையேத்திட்டு, பொறவு கூட்டியாரோம்."

"அண்ணாச்சி, இவரு இந்தக் கட்டில விட்டு எறங்குனா உசுரோட கோயில் போய்ச் சேர மாட்டாரு" என்று கத்திவிட்டு மனைவியைப் பார்த்தேன். "ஏம்மா, எம்புட்டுக் குடிப்பாரு? இப்பவாவது சொல்லு."

அவள் புருஷனுடைய அண்ணனைப் பார்த்தாள். பிறகு கற்பூரத்தைச் சேலை நுனியில் முடிந்துகொண்டே சொன்னாள்.

"காலைல பல்லு வெளக்கும் முன்ன ஒரு குவாட்டர். வேல முடிஞ்சு வந்து இன்னொண்ணு. மாலை போடுத அன்னிக்குத்தான் நிறுத்துனாவ. வருசா வருசம் மொத நாலு நாள் நடுங்கத்தான் செய்வாவ. பச்சத்தண்ணிக் குளியல்னு நெனச்சுக்கிட்டோம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். துளசி மாலை முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கியது. கழற்றிப் பார்த்தேன், வரவில்லை. கத்தரியை எடுத்து வெட்டினேன். மணிகள் வார்டு முழுக்க ஓடின. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் வந்தார். நரம்பை அடக்குகிற ஊசி, விட்டமின் ஊசி, அதற்குப் பிறகு குளுக்கோஸ். குழாயைப் பிடுங்கி எறியாமல் இருக்க இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டினோம். நாலு நாள் என்னை அவர் தறிக்கூடச் சூப்பர்வைசர் என்று நினைத்து வைதார். அஞ்சாம் நாள் காலையில் கண் தெளிந்து, "சிஸ்டர், செத்த தண்ணி குடுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம்கூட உடனே வரவில்லை, எங்கேயாவது போய்ப் படுத்தால் போதும் என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அவருடைய மனைவியிடம் சொன்னேன். மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டால் இனிமேல் தானாக நிறுத்தக் கூடாது, அடுத்த வருடம் மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்னால் இங்கே கூட்டி வா, மாத்திரை கொடுத்துப் பக்குவமாக நிறுத்தலாம் என்று.

"அப்ப அதுவரைக்கும் குடிக்கட்டும்ங்கியளா?" என்று கேட்டாள். ஆரம்பித்த மறுநாளே கூட்டி வந்தாலும் நல்லது என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

வரவில்லை. மறு வருடம் கார்த்திகை பாதி போன பிறகு ஒரு நாள் தனியாக வந்தாள். மேல் உதட்டில் தையல் போட வேண்டியிருந்தது. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை.

"இந்த வருசம் அவிய மாலையே போடல சிஸ்டர். மாலை போட்டதாலதான சாகக் கெடந்தேன்ங்காவ. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்காவ. வருசத்துல அந்த நாப்பத்தெட்டு நாளுதான் எனக்குன்னு இருந்துச்சு. அடி கெடையாது, ஏச்சு கெடையாது. வீட்டுல வெளக்கு எரியும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவர் வந்த அன்றைக்கே குடி விஷயம் தெரிந்திருந்தால் முதல் நாளே மாத்திரை கொடுத்திருப்போம். ஆட்டமும் வந்திருக்காது, வலிப்பும் வந்திருக்காது. கால் ஆறி, மாலையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

"அன்னிக்கே நான் ஒன்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்மா" என்றேன். நீங்கள் என்ன செய்வீர்கள் சிஸ்டர் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது.

"அன்னிக்கே சொல்லத்தான் வந்தேன் சிஸ்டர்" என்றாள். "குருசாமி மச்சான் டீ குடிக்கப் போன நேரத்துல ரெண்டு தடவ ஒங்க மேசைகிட்ட வந்து நின்னேன். நீங்க எழுதிக்கிட்டே இருந்திய."