பெயரைப் போடலாம்

ரக்ஷனாவுக்கு இருபத்தேழு வயது. சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக்கில் அம்மா தங்கத்துடன் வசிக்கிறாள். லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னப் பயண நிறுவனத்தில் விமான டிக்கெட் போடும் வேலை பார்த்துவந்தாள். முதலாளியை விட்டால் அங்கே வேலைக்கு இருந்தது அவள் ஒருத்திதான். ஒரு நாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அவர் அவளிடம் தகாத விதமாக நடந்துகொண்டார். அவரைத் தள்ளிவிட்டு வெளியே வந்தவள், நேரே போலீசுக்குப் போனாள்.

வழக்கு ஓராண்டுக்கு மேல் இழுத்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூசாமல் கேட்டதற்கெல்லாம் அவள் நின்று பதில் சொன்னாள். கடைசியில் மானபங்கக் குற்றம் உறுதியானது. செய்தி பத்திரிகையிலும் வந்தது. ஆனால் முதலாளியின் பெயர் அதில் இல்லை. ‘பயண நிறுவனம் நடத்தும் ஆடவர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். ஒரே ஓர் ஊழியர் இருந்த அலுவலகம். முதலாளி யாரென்று எழுதினால் அவள் யாரென்றும் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் அவர் பெயரையும் வெளியிட நீதிமன்றம் தடை போட்டிருந்தது.

தங்கத்துக்கு அது பெரிய ஆறுதல். பள்ளிக்கூடக் கேண்டீனில் அவளோடு வேலை செய்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ரக்ஷனாவும் கொஞ்ச நாள் அந்த ஆறுதலில்தான் இருந்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனவளுக்குப் பழைய அலுவலகத்தைக் கடக்க நேர்ந்தது. தண்டனை விவரம் இன்னும் சொல்லப்படாததால் முதலாளி பிணையில் இருந்தார். கடை திறந்திருந்தது. அவள் உட்கார்ந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள். இருபது வயதுகூட இருக்காது.

மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். தடையை நீக்கச் சொல்லிக் கேட்க முடியுமா என்று அரசாங்கத் தரப்பு வழக்கறிஞரிடம் விசாரித்தாள். கேட்கலாம், ஆனால் ஒருமுறை வெளியே வந்த பெயரைத் திரும்ப மறைக்க முடியாது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அவர்.

தங்கத்தால் தாங்க முடியவில்லை.

“உன்னக் காப்பாத்தத்தானே அந்தச் சட்டம்? நீயே ஏன் வேணாங்கிற?”

“என்னைக் காப்பாத்துதும்மா. ஆனா அவரையும் சேர்த்துல்ல காப்பாத்துது.”

 நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாளில் தங்கம் கேண்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு மகளுக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.

யாராவது வற்புறுத்தினார்களா, பின்விளைவு புரிகிறதா என்று நீதிபதி ரக்ஷனாவிடம் கேட்டார். யாரும் வற்புறுத்தவில்லை, புரிந்துதான் கேட்கிறேன் என்றாள். தடை நீங்கியது.

வெளியே தமிழ்ச் செய்தி நிருபர் இல்ஹாம் காத்திருந்தார்.

“இப்ப சட்டப்படி போடலாம். ஆனா உங்க பேரு வேணாம்னா சொல்லுங்க, அவர் பேர மட்டும் போடுறேன்.”

ரக்ஷனா வாய் திறப்பதற்குள் தங்கம் சொன்னாள்: “ரெண்டு பேரையும் போடுங்க தம்பி. தப்புப் பண்ணது என் பொண்ணு இல்ல.”

ரக்ஷனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இல்ஹாமைப் பார்த்துத் தலையசைத்தாள்.

முதலாளி ஞானசேகரனின் பெயரும் ரக்ஷனாவின் பெயரும் அன்று சாயங்காலமே இணையத்தில் வந்துவிட்டன. மறுநாள் தங்கம் கேண்டீனுக்குப் போனாள். அங்கே பானக் கடை வைத்திருக்கும் சரசு ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பியைக் கொண்டுவந்து வைத்து, “தைரியமா வளத்திருக்கீங்க லா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதே நாள் ரக்ஷனா பஸ்ஸில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் வைஷாலி, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண். இல்ஹாமிடம் கேட்டு எண்ணை வாங்கியிருந்தாள். ‘நியூஸ் பாத்தேன் அக்கா. நேத்துதான் கார்ல வீட்ல விடுறேன்னாரு. இன்னிக்கு வேலைய விட்டு நின்னுட்டேன்.’ ரக்ஷனா அதை இரண்டு முறை படித்தாள். நெஞ்சில் இத்தனை மாதமாக அடைத்திருந்தது கரைந்து கண்ணில் வந்தது. துடைத்துக்கொண்டு, ‘நல்லது பண்ணீங்க’ என்று பதில் போட்டாள்.

வழக்குத் தொடங்கியதிலிருந்து தங்கம் மகளோடு வெளியே சாப்பிடப் போனதில்லை. அன்றைக்கு அவளே கூப்பிட்டாள். அவர்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே இருக்கும் உணவங்காடியில், எல்லோர் கண்ணிலும் படுகிற நடு மேசையில் இருவரும் உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். உறைப்பு போதவில்லை என்று தங்கம் இன்னும் கொஞ்சம் சம்பால் கேட்டு வாங்கிவந்தாள்.